715 வேலைகளும் ஒரு கையும்

ஓரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையில் தகரக் கொட்டகை போட்ட ஒரு வாட்டர் வாஷ் கடை. பழைய கார் வாங்கி விற்பவர்கள், வண்டியைப் பளபளப்பாக்க இங்கே கொண்டுவந்து விடுவார்கள். அங்கே பாலிஷ் மெஷின் பிடிக்கும் அண்ணனுக்கு இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

ஒரு மதியம் முழுக்க அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். மெஷினின் ஒயரை முதலில் தோள் மேல் போட்டுக்கொள்கிறார், அது பெயிண்டில் உரசக் கூடாது. காம்பவுண்டைப் பேடில் நான்கு பொட்டாக வைத்து, பேடைப் பானட் மேல் அழுத்திய பிறகுதான் சுவிட்சைத் தட்டுகிறார். காற்றில் ஓடவிட்டு அப்புறம் வைத்தால் காம்பவுண்ட் தெறிக்கும், மெஷின் கையை விட்டுத் துள்ளும். இரண்டு கை உள்ளவர் பக்கவாட்டுப் பிடியைப் பிடித்து அதை அடக்கிவிடுவார். இவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினைத் தொடுவதில்லை, சுழன்றுகொண்டே ஆடும் டி.ஏ. மெஷினைத்தான் வைத்திருக்கிறார். அது ஒரு பக்கமாக இழுக்காது. வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆனால் பெயிண்டைச் சுட்டுவிடும் ஆபத்து குறைவு. மடிப்பும் விளிம்பும் வரும் இடங்களில் மாஸ்கிங் டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டுகிறார். பானட்டும் கூரையும் சுலபம், மெஷினின் எடையை வண்டியே தாங்கிக்கொள்ளும். கதவுதான் சிரமம். பழைய டயர் மேல் உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒரு சாண் அகலத்துக்கு ஒரு சாண் அகலமாக நகர்கிறார். வெட்டுப்பட்ட கையில் துணி சுற்றி மெஷினின் தலையை அழுத்தினால் வேகமாக முடியும்தான். ஆனால் அந்த அதிர்வு இரவெல்லாம் வலிக்கும் என்றார்.

பாலிஷ் என்றால் தேய்ப்பு என்றுதான் நாம் நினைக்கிறோம். காரின் மேலே இருக்கும் கண்ணாடி போன்ற க்ளியர் கோட்டின் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. அதில் இரண்டு மூன்று மைக்ரானை மட்டும் எடுத்தால் கீறல் மறையும். கூடுதலாக எடுத்தால் பெயிண்ட் போய்விடும். கண்ணும் விரலும் பொறுமையும் கேட்கிற வேலை இது. அவர் முடித்த வண்டியைப் பார்த்து, செய்தவருக்கு எத்தனை கை என்று யாராலும் சொல்ல முடியாது.

அவருடைய கை போனது ஒரு பெரிய கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் பட்டறையின் பவர் பிரஸ்ஸில். அப்போது அவர் ஒப்பந்தத் தொழிலாளி. கார் ஆலைகளில் பெயிண்ட் ஷாப் கடைசியில் இதே வேலை இருக்கிறது. பெயிண்டில் தூசு விழுந்த இடத்தை நுண்ணிய தாளால் தேய்த்து, மெஷினால் பாலிஷ் போடுவார்கள். விபத்துக்குப் பிறகு அவரை அந்த இடத்தில் நிறுத்தலாமே என்று யாராவது கேட்டார்களா? அந்தக் கேள்வியே யாருக்கும் தோன்றவில்லை. அது ஏன் தோன்றவில்லை என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஃபோர்டு போட்ட கணக்கு

நூறு வருஷத்துக்கு முன் ஒரு முதலாளி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பெயர் ஹென்றி ஃபோர்டு. 1922இல் வெளியான தன் வரலாற்று நூலில், தன் ஆலையில் உள்ள எல்லா வேலைகளையும் தனித்தனியாக ஆராய்ந்ததாகச் சொல்கிறார். மொத்தம் 7,882 வகை வேலைகள். அவற்றில் திடகாத்திரமான ஆட்கள் தேவைப்பட்டவை 949. சாதாரண உடல்வலு போதும் என்றவை 3,338. மீதி 3,595 வேலைகளுக்கு வலுவே பெரிதாகத் தேவையில்லை. அந்த இலகுவான வேலைகளை மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு காலும் இல்லாதவர் செய்யக்கூடியவை 670. ஒரு கால் உள்ளவர் செய்யக்கூடியவை 2,637. இரண்டு கையும் இல்லாதவர் செய்யக்கூடியவை 2. பார்வையற்றவர் செய்யக்கூடியவை 10. ஒரு கை மட்டும் உள்ளவர் செய்யக்கூடியவை 715.

ஏட்டுக் கணக்கோடு அது நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் உடல் குறைபாடு உள்ள 9,563 பேர் தன்னிடம் வேலை செய்ததாகவும், அவர்களில் 123 பேர் கையோ முன்கையோ சிதைந்தவர்கள் அல்லது இழந்தவர்கள் என்றும் எழுதுகிறார். அவர்களுக்கும் முழுக் கூலிதான், ஏனென்றால் அவர்களும் முழு வேலை செய்தார்கள்.

ஃபோர்டைப் புனிதர் ஆக்க வேண்டியதில்லை. யூத வெறுப்பைப் பத்திரிகை நடத்திப் பரப்பியவர் அவர். 1937இல் டெட்ராயிட் பக்கத்தில் சங்கம் கட்டப் போனவர்களை அவருடைய அடியாட்கள் அடித்து இரத்தம் சிந்த வைத்தார்கள். ஒரு மனிதன் முழுதாகச் செய்த வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மலிவாக ஆள் பிடிப்பதுதான் அவருடைய ஆலையின் ரகசியம். அந்த நறுக்கலின் துணைப் பலன்தான் 715. ஆனாலும் அந்த எண் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. ஊனம் உடலில் மட்டும் இல்லை, வேலையை அமைக்கும் விதத்திலும் இருக்கிறது. எண்ணிப் பார்க்க மனம் இருந்தால் இடம் இருக்கிறது.

அதே ஃபோர்டின் பெயர் 1990களின் நடுவில் நம் மறைமலைநகருக்கு வந்தது. ஓரகடத்திலிருந்து கூப்பிடு தூரம். 2021 செப்டம்பரில் மூடுகிறோம் என்று அறிவித்தார்கள், 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது.

அங்குலக் கணக்கு

ஃபோர்டின் நூல் வந்த மறுவருஷம், 1923இல், இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. அதன் முதல் அட்டவணையைப் படித்திருக்கிறீர்களா தோழர்களே? ஒருமுறை படியுங்கள். உழைப்பாளியின் உடல் அங்கே கசாப்புக் கடைப் பலகை போல வெட்டி விலை போடப்பட்டிருக்கும்.

தோள் மூட்டோடு கை போனால் சம்பாதிக்கும் திறனில் 90 விழுக்காடு இழப்பு. தோளுக்குக் கீழே மிச்சம் இருப்பது 20.32 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் 80. அதற்கும் கீழே, முழங்கை முனையிலிருந்து 11.43 சென்டிமீட்டர் வரை போனால் 70. அதற்கும் கீழே வெட்டுப்பட்டால், அல்லது மணிக்கட்டோடு கை போனால், 60. கட்டைவிரல் மட்டும் என்றால் 30. இந்த விசித்திரமான சென்டிமீட்டர்கள் பழைய எட்டு அங்குலமும் நாலரை அங்குலமும்தான், வேறு அளவில் எழுதப்பட்டவை. ஏகலைவன் கொடுத்த கட்டைவிரலுக்கு இந்தச் சட்டத்தில் 30 விழுக்காடு கிடைத்திருக்கும். துரோணரிடம் அதுவும் கிடைக்கவில்லை.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். அட்டவணை இல்லாத காலத்தில், கை போனவர் முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. எந்தக் கூலிக்காரர் அந்தப் படியேற முடியும்? யார் தவறு என்று கேட்காமலே இழப்பீடு உண்டு என்று சொன்னது அந்தச் சட்டத்தின் சாதனை. ஆனால் பணம் கொடுக்க வேண்டியவர் தனி முதலாளி. அவர் இழுத்தடித்தால், ஓடிப்போனால், என்ன செய்வது?

இதற்கு விடை தேடிய காலத்தில் அந்தத் துறை யாரிடம் இருந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். பேராசிரியர் பி.பி. அடார்கரிடம் தொழிலாளர் நலக் காப்பீட்டுக்குத் திட்டம் கேட்கப்பட்டதும், 1944இல் அவர் அறிக்கை கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். அவருக்குப் பின் அந்தத் துறைக்கு வந்தவர் பாபு ஜெகஜீவன்ராம். 1948இல் அவர் அமைச்சராக இருந்தபோது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நாம் சொல்லும் இ.எஸ்.ஐ., நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. அரசியலில் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனால் கை போன தொழிலாளிக்கு மாதாமாதம் பணம் வரும் ஏற்பாட்டை உருவாக்கிய ஆறு வருஷமும் அந்தத் துறை தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட இரண்டு மனிதர்களின் கையில் இருந்தது. அம்பேத்கரைச் சட்டப் புத்தகம் ஏந்திய சிலையாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

தச்சரின் கை

1968இல் ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கையோடு எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி இது பகுதி ஊனம்தான், அதற்குத் தக்க பணம் போதும் என்று வாதிட்ட முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது. விபத்துக்கு முன் அவர் எந்த வேலையைச் செய்யக்கூடியவராக இருந்தாரோ அது முழுதாகப் போய்விட்டது. ஆகவே இழப்பு நூற்றுக்கு நூறு. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று சட்டம் படிக்கும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

2010இல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் என்ற சாலை விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விளக்கியது. இடது கை போன ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமான இழப்பு நூறு விழுக்காடாகவே இருக்கலாம். அதே கை போன அரசாங்க எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். வெட்டு ஒன்றுதான், விளைவு வேறு வேறு.

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டிய ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கையால் முடியாது என்கிறது நீதிமன்றம். ஒரு கையால் 715 வேலை முடியும் என்கிறது ஃபோர்டின் கணக்கு. முதலாளிகள் இரண்டையும் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொள்வார்கள். வேலை கேட்டுப் போனால், ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்பார்கள். இழப்பீடு கேட்டுப் போனால், நீதான் பாலிஷ் போட்டுச் சம்பாதிக்கிறாயே என்பார்கள். அந்தக் கொட்டகை அண்ணன் யாரையும் படம் எடுக்கவிடாததற்குக் காரணம் இந்தப் பயம்தான்.

அந்தப் பயம் அவருக்குத் தேவையில்லை. இ.எஸ்.ஐ. தரும் நிரந்தர ஊனப் பலன் ஆயுள் முழுதும் வரும். வேறு வேலை செய்து சம்பாதிப்பதால் அது நிற்காது. கணக்கும் கடினமில்லை. தினக்கூலி சராசரி 500 ரூபாய் என்றால் அதில் 90 விழுக்காடு 450. இழப்பு 60 விழுக்காடு என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் நாளொன்றுக்கு 270 ரூபாய். போன கைக்கான பணம் அது. இருக்கும் கையால் சம்பாதிப்பது தனி. இரண்டும் அவருடைய உரிமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பிடுங்க யாருக்கும் அதிகாரமில்லை.

பிரஸ்ஸுக்கு முன் நிலம்

அந்த அண்ணன் பிரஸ்ஸின் முன்னால் எப்படி வந்து நின்றார் என்பதையும் பேச வேண்டும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். உழுவது இவர்கள், நிலம் வேறொருவருடையது, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை. மறுவருஷம் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அப்படியும் அது கைமாறிப்போன கதை நமக்குத் தெரியும். அதை மீட்கக் கேட்ட கரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபரில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

அதற்கு இரண்டே வருஷம் கழித்து, அதே செங்கல்பட்டு-எம்.ஜி.ஆர். மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு வேலை தொடங்கியது. 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஓரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. ஏரிப் பாசனத்து நெல்வயல்கள் சிப்காட் ஆயின.

அப்போது நடைமுறையில் இருந்தது 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம். நிலத்தில் உரிமை உள்ளவருக்கு அதில் பணம் உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கும் களை எடுத்தவருக்கும் அதில் ஒரு வரி கூட இல்லை. நிலத்தை நம்பி உழைக்கும் கூலியாளும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதல்முறையாக வரையறுத்தது. அதற்குள் இங்கே ஆலைகள் ஓட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. விரலுக்கு விழுக்காடு எழுதிவைத்த அரசு, சேரிக்காரரின் பிழைப்பு மொத்தமாகப் போனதற்கு ஒரு விழுக்காடும் எழுதவில்லை.

நிலத்துக்குப் பணம் வாங்கியவர் லாரி வாங்கினார், வீடு கட்டி வாடகைக்கு விட்டார், ஆள் சப்ளை செய்யும் ஒப்பந்தக்காரர் ஆனார். பணம் வாங்காதவர் அந்த ஒப்பந்தக்காரரிடம் ஆளாகப் போனார். சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரிப்பது என்று 1936இல் அம்பேத்கர் சொன்னார். சிப்காட் வாசலில் நிரந்தரம், டிரெய்னி, அப்ரெண்டிஸ், கான்ட்ராக்ட் என்று தனித்தனி நிறச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தும் இரட்டைப் பொத்தான் உண்டு. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் டையின் நடுவில் கை இருக்க முடியாது. கை உள்ளே போனால் நிறுத்தும் சென்சாரும் உண்டு. உற்பத்தி எண்ணிக்கை ஏற வேண்டும் என்று ஒரு பொத்தானைக் கட்டிவிட்டாலோ, சென்சாரை அணைத்துவிட்டாலோ, அடுத்த அடி கை மேல். பெரிய கம்பெனியின் பெயர் காரில் இருக்கும், விபத்து நடந்த பட்டறையின் பெயர் எங்கேயும் இருக்காது. ஹரியானாவின் மானேசர், குருகிராம் பக்கம் விரல் இழந்த வாகனத் தொழிலாளர்களைச் சந்தித்து, சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டுவருகிறது. அதில் பெரும்பாலும் குற்றவாளியாக நிற்பது இந்தப் பிரஸ்தான். பெரிய ஆலைக்குள்ளும் உயிர் போயிருக்கிறது. 2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி, பிழைக்காமல் போனார்.

நாம் என்ன செய்யலாம்

பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி குறைக்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியாருக்கு வெறும் ஊக்கம்தான், ஐந்து விழுக்காடு பேரை வைத்துக்கொண்டால் சலுகை தரலாம் என்று 35ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தருக்கு வேலை போகாது, பிரஸ் ஓட்டுபவருக்குப் போகும் என்று நீதிமன்றம் காட்டிய வேறுபாட்டை இப்படிச் சட்டமே வளர்த்துவைத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக நடைமுறைக்கு வந்துவிட்டன. காயங்களின் அட்டவணை அதிலும் தொடர்கிறது. தனியார் ஆலையில் மாற்று வேலை தரும் கடமை அதிலும் இல்லை.

ஆகவே மூன்று காரியம். ஒன்று, உங்கள் ஊரில் கையோ விரலோ இழந்தவர் வீட்டுக்குப் போங்கள். இ.எஸ்.ஐ. எண் இருந்ததா, விபத்து அறிக்கை போனதா, மருத்துவக் குழுவின் முன் நிறுத்தினார்களா என்று கேட்டு, காகிதங்களை ஒன்றுசேருங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. பணத்துக்கு ஒப்பந்தக்காரர் மட்டும் பொறுப்பில்லை, முதன்மை முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. இரண்டு, அவர் இன்றைக்கு என்ன வேலை செய்கிறார் என்பதையும் எழுதுங்கள். பாலிஷ், வெல்டிங், டீக்கடை, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். ஒரு கையால் என்ன முடியும் என்பதற்கு அதுதான் நம்முடைய 715. மூன்று, சங்கங்களிடம் கேளுங்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே நின்று, சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமையை வாங்கினார்கள். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் விபத்தில் ஊனமுற்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே ஆலையில் மாற்று வேலை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் அண்ணன் வண்டியைத் துடைத்து முடித்தார். ஒரு வெள்ளை ஹேட்ச்பேக். அதன் கதவுத் தகடு எந்தப் பட்டறைப் பிரஸ்ஸில் அடிபட்டதோ தெரியாது. மருத்துவக் குழு என்ற ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த வாரம் அவருடைய பழைய இ.எஸ்.ஐ. அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு இருவரும் போகிறோம்.

ஜெய் பீம்.